போன் வெளிச்சம் யார் கையில்?

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. கேட்டுக்கு வெளியே குட்டியானை வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. பேரணாம்பட்டுப் பக்கத்து ஊர்களில் ஜாப் ஒர்க்காகத் தைத்து முடித்த அப்பர்கள், அதாவது ஷூவின் மேல்பாகங்கள், மூட்டை மூட்டையாக உள்ளே போகவேண்டும். கத்திரி வெயில். டிரைவர் தன் போனில் டெலிவரி சலானைத் திறந்து, அதிலிருக்கும் க்யூஆர் கோடை நீட்டுகிறார். செக்யூரிட்டியின் ஸ்கேனர் சத்தமே போடவில்லை. “அண்ணே, வெளிச்சத்த ஏத்துங்கண்ணே, ஒண்ணும் தெரியல.” டிரைவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, திரையை மேலிருந்து இழுத்து, வெளிச்சத்தைக் கூட்டும் கோட்டைத் தேடுகிறார். அந்த வெயிலில் கோடே தெரியவில்லை. பின்னாலிருக்கும் வண்டி ஹாரன் அடிக்கிறது.

அந்தச் சலான் ஆப்பை எழுதுவது என் வேலை. வேலூரில் உட்கார்ந்துகொண்டு ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று இந்தத் தோல் வட்டாரத்துக்குத் தேவைப்படும் ஆப்களை எழுதிக் கொடுக்கிறேன். ஸ்டாக் கணக்கு, வண்டி வரவு, ஜாப் ஒர்க் பற்றுவரவு, இப்படி. பெரிய நகரத்து ஆப்களில் பேசப்படாத ஒரு விஷயம் இங்கே அடிக்கடி காலை வாரும். அதுதான் திரையின் வெளிச்சம். ஒரு ஆப் தானாகவே அதை ஏற்றலாமா? ஏற்றினால் எப்படி ஏற்றவேண்டும், எப்போது விட்டுவிடவேண்டும்? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்றலாம். தேவைப்படும் அந்த ஒரு பக்கத்தில் மட்டும், அந்தப் பக்கம் கண்ணில் படும் வரைக்கும் மட்டும். போனின் சொந்த செட்டிங்கில் கை வைக்கவே கூடாது.

நடுப்பகல் வெட்டவெளியில் வெளிச்சம் ஏறத்தாழ 1 லட்சம் லக்ஸ். நல்ல வெளிச்சமான ஆபீஸ் அறையில் 300 முதல் 500 லக்ஸ். ராத்திரி வீட்டுக் கூடத்தில் அதிலும் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஒரே டிரைவர், ஒரே போன், ஒரே நாளில் இந்த மூன்றுக்கும் நடுவே போய்வருகிறார். சாதாரண விலை போன்களின் திரை 400, 500 நிட்ஸ் அளவுக்குத்தான் பிரகாசிக்கும். அந்த மனிதர் பேட்டரியை மிச்சம் பிடிக்க அதையும் கால்வாசியில் வைத்திருப்பார். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வானத்து வெளிச்சமே திரையின் வெளிச்சத்தை அமுக்கிவிடும். கறுப்புக் கட்டமும் வெள்ளைக் கட்டமும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும்.

க்யூஆர் கோடை 1994ல் ஜப்பானின் டென்சோ வேவ் உருவாக்கியது, கார் பாகங்களைத் தொழிற்சாலைக்குள் கண்காணிப்பதற்காக. எண்ணெயும் அழுக்கும் படும் இடம் என்பதால், கோடின் ஒரு பகுதி அழிந்துபோனாலும் படிக்கும்படி அமைத்தார்கள். உச்ச அளவு திருத்தும் வசதியை வைத்தால் 30 சதவீதம் வரை சேதத்தைத் தாங்கும். ஆனால் மூலையில் கொஞ்சம் கிழிவது வேறு, மொத்தமும் மங்குவது வேறு. கறுப்பையும் வெள்ளையையும் பிரித்தறிய முடியாதபோது அந்தத் திருத்தும் வசதி எதற்கும் உதவாது. டார்க் மோட் வேறு இருக்கிறது. கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கட்டங்களாகத் தலைகீழாகக் காட்டினால் பழைய ஸ்கேனர்கள் பல அதைப் படிக்காது. அதனால் போன் டார்க் மோடில் இருந்தாலும் சலான் பக்கத்தை மட்டும் வெள்ளைப் பின்னணியிலேயே வைத்தேன். கோடைச் சுற்றி நான்கு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் வேண்டும் என்பது அதன் விதியிலேயே உண்டு. அந்த இடத்தையும் விட்டுவைத்தேன். அதற்குப் பிறகுதான் வெளிச்சம்.

பணம் வாங்க நம் க்யூஆர் கோடைத் திறக்கும்போது சில யூபிஐ ஆப்களில் திரை சட்டென்று பளிச்சென்றாவதைப் பார்த்திருப்பீர்கள். ஐபோனின் வாலட்டில் விமான போர்டிங் பாஸைத் திறந்தாலும் அப்படித்தான். மூடியதும் பழையபடி இறங்கிவிடும். யாரும் கவனிப்பதில்லை. யாரும் கவனிக்காமல் நடப்பதுதான் இந்த வேலை சரியாகச் செய்யப்பட்டதற்கு அடையாளம்.

ஆண்ட்ராய்டில் இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டும் திரையை ஒரே மாதிரி பளிச்சென்றாக்குவதால், பலர் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொள்கிறார்கள்.

முதல் வழி, ஆப்பின் விண்டோவுக்கு மட்டும் வெளிச்சம் வைப்பது. லேஅவுட் பராம்ஸில் ஸ்கிரீன் பிரைட்னஸ் என்று ஒரு மதிப்பு உண்டு. 2009ல் வந்த ஆண்ட்ராய்டு 1.5 காலத்திலிருந்தே இருக்கிறது. 0 முதல் 1 வரை தசம எண் கொடுக்கலாம். 1 என்றால் முழு வெளிச்சம். மைனஸ் 1 கொடுத்தால் “எனக்கு ஒன்றும் வேண்டாம், பயனர் வைத்ததே இருக்கட்டும்” என்று பொருள். இதற்கு எந்த அனுமதியும் கேட்கவேண்டியதில்லை. டிரைவர் ஹோம் பட்டனை அழுத்தினாலும், நடுவில் போன் வந்தாலும், ஆப் கிராஷ் ஆகி விழுந்தாலும், அந்த விண்டோ போனதும் அது வைத்த வெளிச்சமும் போய்விடும். நாம் மறந்தாலும் ஆண்ட்ராய்டு மறக்காது.

இரண்டாவது வழி, போனின் சிஸ்டம் செட்டிங்கையே மாற்றுவது. 0 முதல் 255 வரை முழு எண். தானியங்கி வெளிச்சம் ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்தவும் வேண்டியிருக்கும். 2015ல் ஆண்ட்ராய்டு 6 வந்தபோது கூகுள் இதற்குக் கெடுபிடி வைத்தது. வழக்கமான அனுமதிப் பெட்டி போதாது. பயனரைத் தனியாக ஒரு செட்டிங்ஸ் பக்கத்துக்கு அனுப்பி, அவரே சுவிட்சைப் போடவேண்டும். நியாயமான கெடுபிடி என்பேன். அந்த ஒரு சுவிட்சைப் போட்டால் வெளிச்சம் மட்டுமல்ல, திரை அணையும் நேரம், ரிங்டோன், திரை சுழல்வது எல்லாவற்றையும் அந்த ஆப் மாற்றலாம். இப்படி மாற்றியதை ஆப் திருப்பி வைக்காமல் செத்துப்போனால், யாரும் திருப்பி வைக்கமாட்டார்கள்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா. ஷூ கம்பெனி ஸ்டிச்சிங் செக்‌ஷனில் வேலை. “தம்பி, காலைல ஃபுல் சார்ஜ் போட்டு எடுத்துனு போறேன், மதியமே செத்துப்போவுது. பேட்டரி மாத்தணும்னு கடைல சொல்றாங்க, நீ ஒருதபா பாரேன்” என்று கொடுத்தார். வாங்கிப் பார்த்தால் வெளிச்சம் உச்சியில் நிற்கிறது, தானியங்கி அணைந்திருக்கிறது. அவருக்கு அப்படி ஒரு செட்டிங் இருப்பதே தெரியாது. மகன் இறக்கிய ஏதோ ஒரு புத்தகம் படிக்கும் ஆப், அனுமதி வாங்கிக்கொண்டு, சிஸ்டம் செட்டிங்கை மாற்றிவிட்டு அப்படியே விட்டிருக்கிறது. அனுமதியை எடுத்துவிட்டு, தானியங்கியைத் திரும்பப் போட்டுக் கொடுத்தேன். பேட்டரி மாற்றவேண்டிய அவசியம் வரவில்லை. ஒரு நாள் கூலியை எண்ணி எண்ணிச் செலவு செய்யும் வீட்டில், யாரோ ஒரு டெவலப்பர் தப்பான வழியை எடுத்ததற்கு ஒரு பேட்டரியின் விலை போயிருக்கும். எனக்கு அன்றைக்குக் கோபமாகத்தான் இருந்தது. இன்னும் தணியவில்லை.

ஃப்ளட்டரில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்கிரீன் பிரைட்னஸ் ப்ளகினில் அப்ளிகேஷன் என்று பெயர் கொண்ட ஃபங்ஷனும், சிஸ்டம் என்று பெயர் கொண்ட ஃபங்ஷனும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அப்ளிகேஷன் ஃபங்ஷனையே எடுங்கள். பக்கத்தை மூடும்போது ரீசெட்டையும் கூப்பிடுங்கள்.

ஐபோன் கதை வேறு. அங்கே யூஐஸ்கிரீனில் பிரைட்னஸ் என்ற ஒரே வழிதான், 2011ல் ஐஓஎஸ் 5 வந்ததிலிருந்து. அனுமதி வேண்டாம். ஆனால் ஆப்பை மூடினாலும் நாம் வைத்த வெளிச்சம் போகாது. போன் லாக் ஆகும் வரை நிற்கும் என்று ஆப்பிளே ஆவணத்தில் எழுதிவைத்திருக்கிறது. ஆகவே ஏற்றுவதற்கு முன் பழைய அளவைக் குறித்து வைத்துக்கொண்டு, ஆப் பின்னால் போகிற அந்தக் கணத்திலேயே திருப்பி வைக்கவேண்டும். பக்கம் மூடும்போது செய்துகொள்ளலாம் என்று விட்டால், நடுவில் வாட்ஸ்அப்புக்குத் தாவுகிறவரின் கண்ணில் முழு வெளிச்சமும் அடித்துக்கொண்டிருக்கும்.

பிரவுசரில் ஓடும் வெப் ஆப்புக்கு இந்த வசதியே இல்லை. திரை அணையாமல் பிடித்துவைக்க வேக் லாக் உண்டு. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வழி தரவில்லை. செலவு குறையும் என்று வெப் ஆப்பாகக் கேட்டவர்களுக்கு, கேட்டில் ஸ்கேன் செய்கிற வேலை இருந்தால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஆப்புக்குள்ளேயே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு கோடு வைக்கிறவர்கள் இன்னொன்றும் கவனிக்கவேண்டும். நம் கண் வெளிச்சத்தை நேர்க்கோட்டில் அளப்பதில்லை. இருட்டில் ஒரு சின்ன விளக்கு கூடினால் பெரிதாகத் தெரியும். வெளிச்சத்தில் அதே அளவு கூடினால் தெரியவே தெரியாது. ஜெர்மனியின் வேபரும் ஃபெக்னரும் 19ஆம் நூற்றாண்டில் இதை வகுத்தார்கள், ஃபெக்னரின் நூல் 1860ல் வந்தது. ஆண்ட்ராய்டு 9ல், அதாவது 2018ல், கூகுள் நோட்டிபிகேஷன் பக்கத்துக் கோட்டையே இதற்கேற்ப வளைத்தது. நாம் 0.5 என்று நேராகக் கொடுத்தால் கண்ணுக்கு அது பாதியாகத் தெரியாது, பாதியைவிட அதிகமாகவே தெரியும். கோட்டின் இடது பக்கத்தில்தான் நிறைய நுணுக்கம் வேண்டும்.

இனி, இந்த வட்டாரத்தில் மட்டும் வருகிற சங்கதி ஒன்று. தோலின் நிறம்.

வாணியம்பாடியில் ஒரு தோல் ஷாப்பில் ஃபினிஷிங் பார்க்கும் பாய் ஒருவர் இருக்கிறார். பல வருடமாக ஷேடு பிடிக்கிறவர். டேன், காக்னாக், செர்ரி, நேவி என்று சொன்னாலே எந்த பயருக்கு, அதாவது தோல் வாங்குகிறவருக்கு, எந்த டேன் என்று கேட்பார். அவருடைய முதலாளி என்னிடம் கேட்டது இது: புது லாட்டின் போட்டோவை ஆப்பில் போட்டு, வெளிநாட்டில் இருக்கும் பயர் பார்த்து அங்கேயே ஓகே பண்ணவேண்டும். எல்லார் போனிலும் ஒரே கலர் தெரிய, அந்தப் பக்கத்தில் வெளிச்சத்தை முழுசாக வைத்துப் பூட்டிவிட முடியாதா?

கேள்வி நியாயமாகத்தான் தெரியும். பக்கத்தில் நின்றிருந்த பாய் சிரிக்கவில்லை. உள்ளே போய் இரண்டு துண்டுத் தோலை எடுத்துவந்தார். டியூப்லைட்டுக்குக் கீழே வைத்துக் காட்டினார். இரண்டும் ஒன்று. ஷெட்டை விட்டு வெளியே கூட்டிவந்து, வாசல் நிழலில், வானத்து வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். ஒன்று சிவப்புப் பக்கம் சாய்ந்திருந்தது. “தம்பி, தோல நேர்ல வெச்சுப் பாத்தாலே இப்பிடி. செல்லுல பாத்து ஓகே பண்ணிட்டு, சரக்கு திரும்பி வந்தா யாரு பொறுப்பு?”

ஃபேக்டரிகளில் இதற்காகவே லைட் பாக்ஸ் வைத்திருக்கிறார்கள். அதில் டி65 என்ற பகல் வெளிச்ச விளக்கு இருக்கும், 6500 கெல்வின் அளவு. கடை வெளிச்சத்துக்கு டிஎல்84, பழைய குண்டு பல்புக்கு ஏ. மூன்றிலும் பொருந்தினால்தான் ஷேடு பொருந்தியதாக அர்த்தம். வித்தியாசத்தை எண்ணில் சொல்ல ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் இருக்கிறது. லேப் அளவில் டெல்டா ஈ என்று ஒரு எண் தரும். இத்தனையும் இருக்கும் இடத்தில் போன் திரைக்கு என்ன மரியாதை?

ஆப்பால் வெளிச்சத்தைப் பூட்ட முடியும். ஆனால் 1 என்று கொடுத்தால் ஒரு போனில் 450 நிட்ஸ், இன்னொன்றில் 1000 நிட்ஸ். பார்க்கிறவர் போனில் நைட் லைட் ஓடினால் எல்லாம் மஞ்சளாகும். ஐபோனில் ட்ரூ டோன் இருந்தால் அறை விளக்குக்கேற்ப வெள்ளையே மாறும். இரண்டையும் நம் ஆப்பால் நிறுத்த முடியாது. அதிலும் பழுப்பு நிறம் ரொம்பச் சிக்கலானது. பழுப்பு என்று தனியாக ஒரு ஒளி கிடையாது. சுற்றியிருப்பதைவிட மங்கலாகத் தெரியும் ஆரஞ்சைத்தான் கண் பழுப்பு என்கிறது. இருட்டு அறையில் முழு வெளிச்சத்தில் திரை நிறைய டேன் தோலின் போட்டோவைப் பார்த்தால், அது ஆரஞ்சுப் பக்கம் போய்விடும். இந்த வட்டாரத்தில் ஓடுகிற சரக்கில் பாதிப் பேச்சு பழுப்பைப் பற்றித்தான். இதில் வெளிச்சத்தைப் பூட்டிவிட்டோம் என்று ஒரு அடையாளம் போட்டுக் காட்டினால், பார்க்கிறவருக்கு இல்லாத நம்பிக்கையைக் கொடுத்ததாகிவிடும். பூட்டாமல் விடுவதைவிட அது மோசம்.

கடைசியில் ஆப்பில் போட்டோ பக்கம் வந்தது, ஓகே பட்டன் வரவில்லை. குத்து, கீறல், உண்ணிக் கடி எங்கே இருக்கிறது என்று காட்ட மட்டும் போட்டோ. அதற்கு வெளிச்சம் ஏறினால் நல்லது, ஏற்றினோம். ஷேடுக்கு ஸ்வாட்ச் துண்டு கூரியரில் போகும். பயர் அதைக் கையில் வைத்துப் பார்த்து, துண்டின் நம்பரை ஆப்பில் போட்டு ஒப்புக்கொள்வார். இரண்டு மூன்று நாள் தாமதம்தான். அந்தத் தாமதம் தேவையானது என்று முதலாளியிடம் சொன்னதில் எனக்குத் தயக்கமில்லை.

மறுபடி கேட்டுக்கு வருகிறேன், வெயில் அங்கே இன்னொரு வேலையும் செய்கிறது. ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். வேலூர் கோடையில் 40 தாண்டுவது புதிதில்லை. டாஷ்போர்டில் கிடந்த போன் எவ்வளவு சுட்டிருக்கும்! சூடு ஏறினால் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே திரையை மங்கலாக்கும். ஆப் 1 என்று கேட்கலாம், கிடைக்காது. இன்னொன்று, சில போன்களில் வெயிலுக்கான அதிகபட்ச வெளிச்சம் தானியங்கி ஓடும்போது மட்டும்தான் வரும். அந்தப் போன்களில் நாம் முழுசாக ஏற்றியது, சும்மா விட்டிருந்தால் வந்திருக்கும் வெளிச்சத்தைவிடக் குறைவாகவே இருக்கும். ஆகவே வெளிச்சம் ஒன்றையே நம்பிப் பயனில்லை. க்யூஆர் கோடைத் திரை அகலத்துக்குப் பெரிதாக்கினோம். கீழே சலான் நம்பரைப் பெரிய எழுத்தில் போட்டோம், ஸ்கேன் ஆகாவிட்டால் செக்யூரிட்டி கையால் அடிக்கலாம். கேட் பக்கத்தில் தகரக் கூரை ஒன்று போடச் சொன்னேன். போட்டார்கள். என் கோட் செய்ததைவிட அந்தக் கூரை செய்தது அதிகம்.

ராத்திரிக்கு இதே பக்கம் எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்று யோசிக்காமல் விட்டால் பகலில் செய்த நல்லதெல்லாம் கெட்டுவிடும். இரவு வண்டிகள் 48ஆம் தேசிய நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா பக்கமிருந்து வருகின்றன. கண் இருட்டுக்கு முழுசாகப் பழக 20, 30 நிமிடம் பிடிக்கும். கேட்டில் முழு வெளிச்சத்தை டிரைவர் முகத்தில் அடித்துவிட்டு, உடனே அவரை நெடுஞ்சாலைக்கு அனுப்புகிறோம். ஆண்ட்ராய்டில் போனின் வெளிச்ச சென்சார் சொல்லும் லக்ஸ் எண்ணை ஆப் படிக்கலாம், அதற்கும் அனுமதி வேண்டாம். வெளியே வெயிலாக இருந்தால் மட்டும் ஏற்று, இருட்டாக இருந்தால் இருப்பதையே விடு என்று எழுதியிருக்கிறேன். கறுப்பு, வெள்ளை இருட்டில் கால் வெளிச்சத்திலேயே தெளிவாகத் தெரியும். ஸ்கேனருக்கு அதுவே போதும். ஐபோனில் அந்த சென்சாரை ஆப்புக்குத் திறந்துவிடவில்லை, அதனால் அங்கே ஒரு பட்டன் வைத்து டிரைவர் கையில் விட்டுவிட்டேன்.

அப்படி விடுவது ஐபோனுக்கு மட்டுமில்லை. ஆப் வெளிச்சத்தைப் பிடித்துவைத்திருக்கும்போது, பல ஆண்ட்ராய்டு போன்களில் பயனர் மேலே இழுத்துக் கோட்டை நகர்த்தினாலும் திரையில் ஒன்றும் மாறாது. கோடு நகரும், வெளிச்சம் நகராது. போன் கெட்டுவிட்டதோ என்று பயந்துபோகிறார்கள். எங்கள் சலான் பக்கத்தில் “வெளிச்சம் குறை” என்று தமிழில் ஒரு பட்டன் இருக்கிறது. அதைத் தொட்டால் ஆப் விலகிக்கொள்ளும். டிரைவர் காசு கொடுத்து வாங்கிய போன் அது. கடைசி வார்த்தை அவருடையதாகத்தான் இருக்கவேண்டும்.

ஆப் எழுதுகிறவர்கள் தயவுசெய்து சிஸ்டம் செட்டிங்கைத் தொடாதீர்கள். எழுதாதவர்கள், இன்றைக்கே உங்கள் ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய், ஆப்ஸ், ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ், மாடிஃபை சிஸ்டம் செட்டிங்ஸ் என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். சில போன்களில் பெயர் சற்று மாறியிருக்கும், தேடினால் கிடைக்கும். அனுமதி பெற்ற ஆப்களின் பெயர்கள் அங்கே இருக்கும். எதற்கென்று தெரியாதவற்றை அணைத்துவிடுங்கள். உங்கள் அம்மா போனிலும் பார்த்துவிடுங்கள்.